முதுமையில் தூக்கம் குலைந்தால் நினைவாற்றலுக்கு என்ன ஆகிறது?

வயதானால் தூக்கம் குறையும், மறதி வரும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டுமே முதுமையோடு சேர்ந்து வருபவை, அவற்றுக்குச் செய்வதற்கு எதுவுமில்லை என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்த எண்ணத்தை வெகுவாக அசைத்திருக்கின்றன. தூக்கமும் அறிதிறனும் தனித்தனியே தேய்வதில்லை. ஒன்று குலையும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது என்பதற்கான சான்றுகள் கூடிவருகின்றன. முதுமையில் தூக்கம் கெடுவதற்குப் பல நேரங்களில் கண்டுபிடிக்கக்கூடிய, சரிசெய்யவும் கூடிய காரணம் ஒன்று இருக்கிறது என்பதே இதில் முக்கியமான செய்தி. அந்தக் காரணத்தைத் தேடாமல் வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

முதலில் அறிதிறன் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நினைவாற்றல் அதில் ஒரு பகுதிதான். ஒன்றில் கவனம் வைப்பது, பேசும்போது தக்க சொல் நாவில் வருவது, வழி தெரிந்து போய்வருவது, வரவுசெலவு பார்ப்பது, தொடங்கிய வேலையை வரிசை பிசகாமல் முடிப்பது ஆகிய எல்லாமே அறிதிறனுக்குள் அடங்கும். வயது கூடக் கூட இவற்றின் வேகம் சற்றுக் குறைவது எல்லோருக்கும் நேர்வது. தெரிந்தவரின் பெயர் உடனே வராமல் அரை மணி நேரம் கழித்து நினைவுக்கு வந்தால் அது நோயாகாது. இதற்கு அடுத்த படியில், தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ள முடிந்தாலும், அதே வயதினரைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருப்பதைச் சோதனைகள் காட்டும் நிலை ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை லேசான அறிதிறன் குறைபாடு என்கிறார்கள். பிறர் துணையின்றி அன்றாட வாழ்க்கையே நடக்காது என்ற அளவுக்குக் குறைபாடு முற்றியிருப்பதுதான் டிமென்ஷியா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகெங்கும் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியாவோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 60 முதல் 70 விழுக்காட்டினரிடம் அல்சைமர் நோய் பங்கு வகிக்கிறது.

ஓர் இரவுக்குள் நடப்பது

தூக்கத்தை நாம் மணிக்கணக்கில் அளந்து பழகியிருக்கிறோம். ஆனால் ஒரே எட்டு மணி நேரம் இரண்டு பேருக்கு முற்றிலும் வேறான தூக்கமாக இருக்கலாம். தூக்க ஆய்வகங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். படுக்கப்போகும் முன் தலைத்தோலிலும் கண்ணோரங்களிலும் தாடையிலும் சிறு மின்முனைகளை ஒட்டுவார்கள். மூக்குக்குக் கீழே காற்றோட்டத்தை உணரும் மெல்லிய குழாய், மார்பையும் வயிற்றையும் சுற்றி இரண்டு பட்டைகள், விரல் நுனியில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி என்று எல்லாம் பொருத்தப்படும். இரவு முழுவதும் திரையில் ஓடும் அலைகளை மறுநாள் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தூக்கத்தின் எந்த நிலையைச் சேர்ந்தது என்று குறிப்பார்கள். எட்டு மணி நேரம் தூங்கியவருக்கு 960 துண்டுகள்.

அப்படிக் குறித்துப் பார்த்தால் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நடப்பது தெரியும். கண் அயர்ந்த சில நிமிடங்கள் மிக மெல்லிய தூக்கம். அடுத்து, இரவின் பாதியை எடுத்துக்கொள்ளும் இடைநிலைத் தூக்கம். அதற்குப் பின் ஆழ்ந்த தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் மூளையின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாக அடங்கி ஒன்றாக எழுவதால், உயரமான, மெதுவான அலைகள் பதிவாகின்றன. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்ணிமைக்குள் விழிகள் விரைவாக அசையும் நிலை வரும். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகிய இருவரும் இதை உலகுக்கு அறிவித்தார்கள். ரெம் தூக்கம் என்று அழைக்கப்படும் இந்த நிலையில்தான் தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் வருகின்றன. ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில் மிகுதி, ரெம் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க மிகுதி. ஆகவே நள்ளிரவுக்கு வெகுநேரம் பின்பு படுத்து வழக்கமான நேரத்தில் எழுபவரும், வழக்கமான நேரத்தில் படுத்து மூன்று மணிக்கே எழுந்துவிடுபவரும் ஒரே அளவு தூங்கியிருந்தாலும் இழந்தது வேறு வேறாக இருக்கும்.

வயது இதில் என்ன மாற்றுகிறது? நடுவயதிலிருந்தே ஆழ்ந்த தூக்கம் சுருங்கத் தொடங்கிவிடுகிறது. இளம் வயதில் இரவின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது எழுபது வயதுக்கு மேல் சிலரிடம் மிகக் குறுகிவிடும்; பெண்களைவிட ஆண்களிடம் இந்தச் சரிவு கூடுதல். வளர்ந்த பருவத்திலிருந்து மொத்தத் தூக்க நேரம் பத்தாண்டுக்குச் சுமார் 10 நிமிடம் வீதம் குறைகிறது. இடையில் விழிப்பது கூடுகிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள உயிர்க்கடிகாரத்தின் நேரமும் முன்னே நகர்வதால், மாலையிலேயே தூக்கம் கண்ணைச் சுழற்றி, விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கண்வில்லை வயதோடு மஞ்சளாகிவிடுவதால், அந்தக் கடிகாரத்தைத் திருத்தி ஓடவைக்கும் நீல ஒளி குறைவாகவே உள்ளே போகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

இவை எல்லாம் இயல்பான மாற்றங்கள். ஆனால் முதியவர்களுக்குத் தூக்கத்தின் தேவையே குறைந்துவிடுகிறது என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. அமெரிக்காவின் தேசியத் தூக்க அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட பரிந்துரை 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி நேரம் என்றே சொல்கிறது. குறைவது தூங்கும் திறன். தேவை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது.

நினைவு எப்போது நிலைபெறுகிறது

பகலில் நாம் அறிந்துகொள்ளும் புதுச் செய்திகள் மூளையின் உட்பகுதியில் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற சிறு உறுப்பின் துணையோடு முதலில் பதிகின்றன. அவை நீண்ட காலம் நிற்க வேண்டுமானால் மூளையின் மேற்பரப்பான புறணிப் பகுதிகளில் வேரூன்ற வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கிறது. பகலில் இயங்கிய அதே நரம்பணுத் தொகுதிகள் தூக்கத்தில் மீண்டும் மீண்டும் இயங்குவதை விலங்குகளின் மூளையில் ஆய்வாளர்கள் நேரடியாகவே பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த இயக்கம் மெதுவான அலைகளோடும், தூக்கக் கதிர்கள் எனப்படும் குறுகிய, விரைவான அலைத் துடிப்புகளோடும் நேரம் பொருந்தி நடந்தால்தான் நினைவு சரியாக நிலைபெறுகிறது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதை முதுமையோடு இணைத்துக் காட்டியது. இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் சொல் இணைகளைக் கற்பித்து, இரவு தூங்கவைத்து, காலையில் கேட்டார்கள். முதியவர்களின் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி எவ்வளவு மெலிந்திருந்ததோ அவ்வளவுக்கு அவர்களின் மெதுவான அலைகள் குறைந்திருந்தன. அலைகள் குறைந்த அளவுக்கு மறுநாள் நினைவும் குறைந்திருந்தது. முதுமையின் மறதியில் ஒரு பகுதி தூக்கத்தின் வழியாக வருகிறது என்பதை இந்தச் சங்கிலி சுட்டுகிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டவர் மறுநாள் எதிலும் கவனம் வைக்க முடியாமல் தடுமாறுவது இதற்கும் மேலே. கவனம் பதியாத இடத்தில் நினைவும் பதிவதில்லை. பார்ப்பவர்களுக்கு அது மறதியாகத் தெரிகிறது.

மூளையின் கழிவும் இரவும்

அல்சைமர் நோயில் இரண்டு புரதங்கள் மூளையில் தேங்குகின்றன. அமிலாய்டு பீட்டா நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்பது அணுக்களுக்கு உள்ளே முறுக்கிக்கொண்டு சிக்கலாகிறது. அமிலாய்டு நம் எல்லோருடைய மூளையிலும் நரம்பணுக்கள் இயங்கும்போது உண்டாகும் துணைப்பொருள்தான். உண்டாவதும் அகற்றப்படுவதும் சமமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலிகளின் மூளையில் அமிலாய்டின் அளவு விழித்திருக்கும்போது ஏறுவதையும் தூங்கும்போது இறங்குவதையும் 2009இல் காட்டினார்கள். தூக்கம் பறிக்கப்பட்ட எலிகளிடம் திட்டுகள் விரைவாகப் பெருகின. மனிதர்களிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த 20 பேரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கச் செய்து மூளையைப் படமெடுத்தபோது, ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகளில் அமிலாய்டின் அறிகுறி சுமார் 5 விழுக்காடு உயர்ந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, நேற்றிரவு தூங்காதவர் அஞ்ச வேண்டியதில்லை. ஓரிரவின் ஏற்றம் நல்ல தூக்கத்தில் இறங்கிவிடக்கூடியது. கவலைக்குரியது ஆண்டுக்கணக்கில் தொடரும் கெட்ட தூக்கம்.

கழிவு எப்படி வெளியேறுகிறது என்பதைப் பற்றி ஒரு பெரும் விவாதமே நடந்துகொண்டிருக்கிறது. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கன் நெடர்கார்ட் குழுவினர் 2012இல், மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த திரவம் இரத்தக் குழாய்களை ஒட்டிய இடுக்குகள் வழியாக உள்ளே புகுந்து, கழிவைச் சேர்த்துக்கொண்டு வெளியேறும் அமைப்பு ஒன்றை விவரித்து அதற்குக் கிளிம்ஃபாட்டிக் அமைப்பு என்று பெயரிட்டார்கள். தூங்கும் எலிகளின் மூளை அணுக்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 விழுக்காடு விரிகிறது என்றும், அதனால் தூக்கத்தில் கழிவு விரைவாக அகல்கிறது என்றும் அடுத்த ஆண்டே அறிவித்தார்கள். இந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த ஒரு குழு, வேறு முறையில் அளந்தபோது தூக்கத்தில் எலிகளின் மூளையிலிருந்து பொருள்கள் அகல்வது குறைகிறது என்று நேர்மாறான முடிவை வெளியிட்டது. அளக்கும் முறையில்தான் வேறுபாடா, அடிப்படைக் கருத்திலேயே பிழையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தூக்கத்தில் மூளை கழுவப்படுகிறது என்று முடிந்த முடிவாகச் சொல்லும் கட்டுரைகளையும் காணொளிகளையும் சற்றுப் பொறுத்தே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. தூக்கத்தோடு அமிலாய்டின் அளவு மாறுவது பல ஆய்வுகளில் கண்டது. அது எந்தப் பாதையில் நடக்கிறது என்பதுதான் கேள்வியாக நிற்கிறது.

எது காரணம், எது விளைவு

பிரிட்டனில் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கண்காணித்துவரும் ஒயிட்ஹால் இரண்டாம் ஆய்விலிருந்து 2021இல் ஒரு முக்கியமான முடிவு வந்தது. சுமார் 8,000 பேரை ஏறத்தாழ 25 ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், 50, 60 வயதுகளில் இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியதாகச் சொன்னவர்களிடம், 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா சுமார் 30 விழுக்காடு மிகுதியாகக் காணப்பட்டது. தூக்கத்தின் ஆழத்தை நேரடியாக அளந்தது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு. அதில் பங்கேற்ற, 60 வயதைக் கடந்த 346 பேர் சில ஆண்டு இடைவெளியில் இருமுறை இரவுப் பதிவு செய்துகொண்டார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட முடிவின்படி, ஆழ்ந்த தூக்கம் ஆண்டுக்கு ஒவ்வொரு விழுக்காடு கூடுதலாகக் குறைவதற்கும் டிமென்ஷியா ஆபத்து 27 விழுக்காடு உயர்ந்திருந்தது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இவை ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுபவை; ஒன்றுதான் மற்றொன்றைக் கொண்டுவந்தது என்பதை இவை மட்டும் நிறுவுவதில்லை. அல்சைமர் நோயின் மாற்றங்கள் மறதி வெளிப்படுவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. டௌ புரதம் மிக முன்னதாகத் தேங்கும் இடங்களில் ஒன்று, விழிப்பையும் தூக்கத்தையும் ஆளும் மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதி. ஆகவே நோய் முதலில் தூக்கத்தைக் குலைத்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து மறதியாக வெளிப்படவும் கூடும். ஒயிட்ஹால் ஆய்வின் சிறப்பு, தூக்கத்தை 50 வயதிலேயே கேட்டு வைத்ததுதான். நோயின் தொடக்கத்துக்கும் முந்திய காலத்தை அது ஓரளவு எட்டிப் பிடிக்கிறது. இரண்டு திசையிலும் பாதை இருக்கிறது என்பதே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் நிலைப்பாடு: கெட்ட தூக்கம் புரதத் தேக்கத்தைக் கூட்டுகிறது, தேங்கிய புரதம் தூக்கத்தை இன்னும் கெடுக்கிறது.

அளவுக்கு மீறிய நீண்ட தூக்கத்தையும் இந்த ஒளியில்தான் பார்க்க வேண்டும். பல லட்சம் பேரின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் பிரிட்டனின் உயிரி வங்கியில் உள்ள, 38 முதல் 73 வயது வரையிலான ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், அறிதிறன் சோதனைகளில் சிறப்பாகச் செய்தவர்கள் சுமார் 7 மணி நேரம் தூங்குபவர்கள். குறைந்தாலும் கூடினாலும் மதிப்பெண் இறங்கியது. ஒன்பது, பத்து மணி நேரம் தூங்குவதே மூளையைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. முன்பு ஏழு மணி நேரம் தூங்கிவந்த ஒருவர் இப்போது பத்து மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார் என்றால், மனச்சோர்வோ உடல்நோயோ தொடக்கநிலை மூளை மாற்றமோ அதற்குப் பின்னே இருக்கலாம் என்று ஐயப்படுவதுதான் பொருத்தம். பகல் தூக்கமும் அப்படியே. மதியம் அரை மணி நேரம் கண்ணயர்வதில் கேடில்லை. பகல் தூக்கம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போவது கவனிக்க வேண்டிய மாற்றம்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல், டிமென்ஷியாவுக்குக் காரணமாகி, மாற்றியமைக்கவும் கூடிய 14 கூறுகளைப் பட்டியலிட்டது. அந்தப் பதினான்கில் தூக்கம் இடம்பெறவில்லை. காரணகாரியத் தொடர்பு அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை என்பதே பொருள். ஆனால் பட்டியலில் உள்ள உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் பருமன், மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றோடும் தூக்கம் பின்னிப் பிணைந்திருக்கிறது. ஆகையால் தூக்கத்தைச் சீராக்க எடுக்கும் முயற்சி எந்த வகையிலும் வீண்போகாது.

குறட்டைக்குப் பின்னால் இருப்பது

முதுமையில் தூக்கத்தைக் கெடுக்கும் காரணங்களில் மிகப் பரவலானதும், மிக எளிதாகக் கவனத்திலிருந்து நழுவிவிடுவதும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்தான். ஸ்லீப் ஏப்னியா என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் நாக்கின் அடிப்பகுதியும் மேலண்ணத்தின் மென்பகுதியும் பின்னால் சரிந்து காற்றுவழியை அடைத்துவிடும். மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் போகாது. பத்து விநாடி, இருபது விநாடி, சிலருக்கு அதைவிடவும் நீளும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு கணம் விழிக்கும், தொண்டை இறுகி, உறுமல்போன்ற ஓசையோடு மூச்சு மீளும், மறுபடி தூக்கம். அந்த விழிப்பு சில விநாடியே நீடிப்பதால் தூங்குபவருக்கு எதுவும் நினைவிருக்காது. இப்படி மூச்சுத் தடைபடுவது மணிக்கு ஐந்து முறைக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 15ஐத் தாண்டினால் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 30 முறை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட இரவில் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கி நிலைத்திருப்பதே கடினம். நன்றாகத்தான் தூங்கினேன், ஆனாலும் அசதியாக இருக்கிறது என்று அவர் உண்மையாகவே சொல்வார்.

சராசரி வயது 82 ஆன 298 பெண்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு இதன் பாதிப்பைக் காட்டியது. தொடக்கத்தில் எவருக்கும் டிமென்ஷியா இல்லை. சுமார் ஐந்து ஆண்டுகளில், மூச்சுத் தடை உள்ளவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், இல்லாதவர்களில் 31 விழுக்காட்டினருக்கும் லேசான அறிதிறன் குறைபாடோ டிமென்ஷியாவோ ஏற்பட்டிருந்தது. எத்தனை முறை விழித்தார்கள் என்பதைவிட ஆக்சிஜன் குறைவே அந்த ஆபத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

இந்த நோய் முதியவர்களிடம் வேறு முகங்களோடும் வரும். இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதை ஆண்கள் புராஸ்டேட் தொல்லை என்றும், பெண்கள் வயதின் தொல்லை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். அடைத்த தொண்டையை எதிர்த்து மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறைகள் இழுபட்டு, உடலில் நீர் மிகுந்துவிட்டதாகத் தவறாக உணர்ந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரந்துவிடும். மூச்சுத் தடைக்குச் சிகிச்சை பெற்றபின் இரவில் எழுவது குறைந்துவிடுவது பலரிடம் காணப்படுவது இதனால்தான். காலையில் தலைவலி, மருந்துகளுக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம், நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கண் சொருகுவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். உடல் பருமன் இல்லாதவர்களுக்கும், குறட்டை உரக்கக் கேட்காதவர்களுக்கும்கூட இது வரலாம்.

ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, மூக்கின் மேல் பொருத்தும் முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. பகல்நேரத் தூக்கக் கலக்கத்தை இது தெளிவாகக் குறைக்கிறது. டிமென்ஷியாவைத் தடுக்கிறதா என்பதற்கு உறுதியான சோதனை முடிவு இன்னும் இல்லை. ஆனாலும் பகலில் தெளிவாக இருப்பதும் இரத்த அழுத்தம் குறைவதும் தம்மளவிலேயே மதிப்புள்ளவை. முதல் சில வாரங்களில் முகமூடி உறுத்தும். அளவை மாற்றிப் பார்க்காமல் ஒதுக்கிவைத்துவிடுபவர்கள் மிகுதி என்பது வருத்தத்துக்குரியது.

மாத்திரைகளைப் பற்றி

தூக்கம் வராத முதியவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மாத்திரை. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பராமரித்துவரும் பியர்ஸ் பட்டியல், 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளாக டயசெபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம் அடங்கிய பென்சோடயசெபின் வகையையும், சோல்பிடெம் போன்ற மாத்திரைகளையும் குறிப்பிடுகிறது. இவை இரவில் எழும்போது தள்ளாட்டத்தையும், பகலில் குழப்பத்தையும், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்தையும் கூட்டுகின்றன. இவற்றில் பலவும் தூக்கத்தைத் தந்தாலும் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைத்துவிடுகின்றன.

சளிக்கும் ஒவ்வாமைக்கும் எளிதில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய மருந்துகள் தூக்கம் தருவதால் பாதுகாப்பானவை என்று பலர் நம்புகிறார்கள். அவை மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. அல்சைமர் நோயாளிகளுக்குத் தரும் டோனிபெசில் மருந்தோ அதே வேதிப்பொருளைக் கூட்டுவதற்காகத் தருவது. ஒரே வீட்டில் ஒரே முதியவர் காலையில் ஒன்றையும் இரவில் மற்றதையும் விழுங்கிக்கொண்டிருந்தால் ஒன்றின் பயனை மற்றது அழித்துவிடும். ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை எடுத்துவருபவர் இதைப் படித்தவுடன் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகும்; வலிப்புகூட வரலாம். மருத்துவரின் கண்காணிப்பில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ சிறுகச் சிறுகக் குறைப்பதே வழி.

மாத்திரைக்கு முன்பாகச் செய்ய வேண்டியது என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது, தூக்கமின்மைக்கான அறிதிறன் நடத்தைச் சிகிச்சையை. படுக்கையைத் தூக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துவது, இருபது நிமிடம்போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக எதையாவது செய்துவிட்டுத் தூக்கம் வந்தபின் திரும்புவது, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்கிப் பிறகு மெல்லக் கூட்டுவது ஆகியவை இதன் உள்ளடக்கம். கடைசியில் சொன்னது பலருக்கு வியப்பளிக்கும். ஆறு மணி நேரம் தூங்குவதற்கு ஒன்பது மணி நேரம் படுத்திருப்பவரின் தூக்கம் துண்டுதுண்டாகிவிடுகிறது. நேரத்தைச் சுருக்கினால் அது கூடி இறுகுகிறது. தள்ளாட்டமும் விழும் ஆபத்தும் உள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடங்காமல் மருத்துவரின் வழிகாட்டலில் செய்ய வேண்டும்.

அன்றாடப் பழக்கங்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது காலை வெளிச்சம். எழுந்த சிறிது நேரத்திலேயே வெளியில் அரை மணி நேரம் நடப்பது உயிர்க்கடிகாரத்துக்கு நேரம் சொல்லிக்கொடுக்கிறது, பகல் உழைப்பையும் கூட்டுகிறது. மாலையில் மிகச் சீக்கிரம் தூங்கிவிழுந்து விடிவதற்கு வெகுமுன்பே எழுபவருக்கு மட்டும் மாலை வெளிச்சம் கூடுதல் பயன் தரும். காஃபி, தேநீரில் உள்ள காஃபினில் பாதி உடலைவிட்டு அகலவே சுமார் ஐந்து மணி நேரம் ஆவதால் மதியத்துக்குப் பின் தவிர்ப்பது நல்லது. மது முதலில் தூங்கவைத்துப் பின்னிரவில் எழுப்பிவிடும். சிறுநீர் மாத்திரையை மாலையில் எடுத்துக்கொள்பவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். மேலே சொன்ன டோனிபெசில் இரவில் எடுத்தால் சிலருக்குத் தெளிவான, கலங்கவைக்கும் கனவுகளைத் தருவதால் அதையும் காலைக்கு மாற்றுவதுண்டு.

தாமதிக்காமல் காட்ட வேண்டிய அறிகுறி ஒன்று உண்டு. ரெம் தூக்கத்தில் நம் தசைகள் செயலற்றுக் கிடப்பதால்தான் கனவில் ஓடினாலும் உடல் அசையாமல் இருக்கிறது. சிலருக்கு இந்தத் தடுப்பு விலகிவிடுகிறது. அவர்கள் கனவில் காண்பதைப் படுக்கையிலேயே செய்வார்கள், கத்துவார்கள், குத்துவார்கள், உதைப்பார்கள். இத்தகைய 1,280 பேரைப் பல நாடுகளின் 24 மையங்களில் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, 12 ஆண்டுகளில் அவர்களில் பெரும்பான்மையோருக்குப் பார்கின்சன் நோயோ லூயி பாடி எனப்படும் ஒரு வகை டிமென்ஷியாவோ அவற்றைச் சார்ந்த நோயோ ஏற்படும் ஆபத்து இருந்தது. சில மருந்துகளாலும் மூச்சுத் தடையாலும் இதேபோன்ற அசைவுகள் வரக்கூடும் என்பதால், நரம்பியல் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வது அவசியம்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு ஒன்றைக் கொண்டுசென்றால் பாதி வேலை முடிந்துவிடும். படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் எழுந்த தடவைகள், காலையில் எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம், அன்று எடுத்துக்கொண்ட எல்லா மாத்திரைகளும் அதில் இருக்கட்டும். கடையில் தாமாக வாங்கியவையும் விடுபடக் கூடாது. ஒரே அறையில் தூங்குபவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது. மூச்சு நின்று மீள்வதையும் கை கால் உதைப்பதையும் பார்த்துச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவரே. தூக்கம் கெட்டிருக்கும் காலத்தில் செய்த நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைவது இயல்பு. ஆகவே மூச்சுத் தடைக்குச் சிகிச்சை தொடங்கியோ, குழப்பம் தரும் மருந்தைக் குறைத்தோ சில மாதங்கள் ஆனபின் அந்தச் சோதனையை மீண்டும் செய்து பார்க்க முடியுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். முதல் மதிப்பெண்ணில் எவ்வளவு தூக்கத்தின் பங்கு, எவ்வளவு மூளையின் பங்கு என்பதைப் பிரித்தறிய அந்த இரண்டாம் சோதனை உதவும்.